பிரிக்கவே கட்டுவது



இன்று நான் பேச வந்தது சில நாளோ சில மாதமோ நின்றுவிட்டுப் பிரிக்கப்படும் கட்டடங்களைப் பற்றி. ஓவியரும் சிற்பியும் கட்டடக் கலைஞரும் கூடி ஒரு நகரத்தின் நடுவே இப்படிப்பட்ட கட்டடங்களை எழுப்புவது உலகின் பெரிய ஊர்களில் இன்று மதிப்பான வேலையாக நடக்கிறது. இதழ்கள் எழுதுகின்றன, பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்துகின்றன. அவற்றையெல்லாம் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருகிறது, ஆற்றாமையும் வருகிறது. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த மக்கள் நாம். பந்தல் என்றால் நமக்குத் தெரியும். ஆனால் பந்தலை ஒரு கட்டடமாக நாம் மதித்ததில்லை. அதைக் கட்டியவரின் பெயரை எழுதி வைத்ததில்லை. இப்போது அதை வாடகைப் பொருளாக்கிவிட்டோம். அதை மீட்க முடியும் என்பதும், இந்த மலாக்கா மண்ணில் அதற்கான ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதும்தான் நான் சொல்ல வந்தவை.

முதலில் வெளியே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். லண்டனில் கென்சிங்டன் தோட்டம் என்ற பெரிய பூங்காவில் செர்பன்டைன் என்ற கலைக்கூடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் அதன் புல்வெளியில் கோடைகாலத்துக்கு மட்டும் ஒரு மண்டபம் எழுப்புகிறார்கள். முதல் மண்டபத்தை அமைத்தவர் ஈராக்கில் பிறந்த சாஹா ஹதீத். இங்கிலாந்தில் அதுவரை ஒரு கட்டடத்தையும் கட்டி முடிக்காதவரைத்தான் அழைப்பது என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள். 2007இல் டேனிஷ்-ஐஸ்லாந்துக் கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் நார்வேக் கட்டடக் கலைஞர் செட்டில் தோர்சனும் சேர்ந்து, மேலே சுற்றி ஏறும் சரிவுப் பாதையோடு மரத்தில் ஒரு மண்டபம் செய்தார்கள்.

அந்த வரிசையில் என் மனத்தில் நிற்பது 2012ஆம் ஆண்டு மண்டபம். சுவிட்சர்லாந்தின் ஹெர்சாக், டி மெரோன் இருவரும் சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யோடு சேர்ந்து செய்தது. அப்போது ஐ வெய்வெய் சீனாவை விட்டு வெளியேற முடியாத நிலை. கணினி வழியாகவே பேசி முடித்தார்கள். மேலே புதிதாக ஒன்றையும் எழுப்ப வேண்டாம், தரையைத் தோண்டுவோம் என்பது அவர்களின் முடிவு. ஏறக்குறைய ஐந்தடி ஆழம் தோண்டி, முந்தைய 11 மண்டபங்களும் மண்ணில் விட்டுச்சென்ற அடித்தளத் தடங்களின் கோடுகளைத் தேடி எடுத்தார்கள். அந்தக் கோடுகளே இருக்கைகளாகவும் படிகளாகவும் ஆயின. பழைய மண்டபத்துக்கு ஒன்றாக 11 தூண், அந்த ஆண்டுக்கு ஒன்று, ஆக 12 தூண்கள். உள்ளே முழுக்கத் தக்கை மரப்பட்டை. கூரை தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் ஒரு வட்டத் தட்டாக இருந்தது. அதில் தண்ணீர் நிறைத்தார்கள், லண்டன் வானம் அதில் தெரிந்தது. கலைந்துபோன கட்டடங்களுக்காக ஒரு கட்டடம். எது கலைஞர் செய்தது, எது கட்டடக் கலைஞர் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத வேலை அது.

நிலையான கட்டடத்தில் இந்தச் சமநிலை கிடைப்பது அரிது. அங்கே கட்டடக் கலைஞர் முதலில் வருவார். எல்லாம் முடிந்தபின், வெறுமையாகக் கிடக்கும் ஒரு சுவரைக் காட்டி, இங்கே ஏதாவது வரையுங்கள் என்று ஓவியரைக் கூப்பிடுவார்கள். சில நாள் நிற்கப்போகும் கட்டடத்தில் இருவரும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக உட்காருகிறார்கள். நூறாண்டு நிற்க வேண்டிய பாரம் இல்லை. துணிந்து ஒன்றைச் செய்து பார்க்கலாம். சரிவராவிட்டால் பிரித்துவிடலாம்.

பிரிக்கப்போகும் கட்டடம் என்பதால் உழைப்பும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கை முழுவதும் துணியால் போர்த்த வேண்டும் என்று கிறிஸ்டோ, ஜான்-குளோட் என்ற கலைஞர் இணையர் 1971இல் நினைத்தார்கள். 1994இல் அந்த நாட்டு நாடாளுமன்றமே விவாதித்து, 292க்கு 223 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. 1995 ஜூன் கடைசியில் தொடங்கி இரண்டே வாரம் அது நின்றது. ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர மீட்டர் துணி, 15 கிலோமீட்டருக்கு மேல் கயிறு. ஐம்பது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள் என்று கணக்கிட்டார்கள். இரண்டு வாரத்துக்காக 24 ஆண்டு காத்திருந்தார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் இந்திர விழாவைச் சொல்லும் இடத்தில் வச்சிர நாட்டரசன் தந்த முத்துப்பந்தலும் மகத அரசன் தந்த பட்டிமண்டபமும் அவந்தி அரசன் தந்த தோரணவாயிலும் வருகின்றன. ஒரு நகரத்தின் பெருமையைச் சொல்ல வந்த புலவர், அரண்மனையோடும் கோட்டையோடும் நின்றுவிடாமல் பந்தலையும் தோரணத்தையும் எண்ணிச் சொல்கிறார். மணிமேகலையில் இன்னொரு செய்தி: சோழ அரசனின் பூங்காவில் உள்ள பொன்மண்டபத்தை மகத நாட்டு வினைஞரும் மராட்டிய நாட்டுக் கம்மியரும் அவந்தி நாட்டுக் கொல்லரும் யவன நாட்டுத் தச்சரும் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடிச் செய்தார்கள் என்கிறார் சாத்தனார். அது நிலையான மண்டபம்தான். ஆனாலும் பல நாட்டுக் கைகள் ஒரு வேலையில் கூடுவதைப் பெருமையாகச் சொல்லும் மனம் அப்போதே நம்மிடம் இருந்தது. மலாக்காக்காரர்களான நமக்கு அந்த வரிகள் சொந்த ஊர்ச் செய்தியாகவே படும்.

இலக்கியத்தை விடுங்கள். குடமுழுக்குக்கு முன் கோயிலில் எழும் யாகசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் அதற்குள் நின்றிருக்கிறோம், புகையில் கண் எரிய வெளியே வந்திருக்கிறோம். அதை ஒரு கட்டடமாகப் பார்த்தவர் குறைவு. திசை பார்த்து, கயிறு பிடித்து, தரையில் அளவு குறித்து அதை அமைக்கிறார்கள். நடுவே வேதிகை. அதைச் சுற்றி அக்கினி குண்டங்கள். ஒன்பது குண்ட முறையில் கிழக்கே சதுரம், தென்கிழக்கே அரசிலை வடிவம், தெற்கே அரைவட்டம், தென்மேற்கே முக்கோணம், மேற்கே வட்டம், வடமேற்கே அறுகோணம், வடக்கே தாமரை, வடகிழக்கே எண்கோணம். கிழக்குக்கும் வடகிழக்குக்கும் இடையில் பிரதான குண்டம். ஒவ்வொன்றையும் செங்கல்லும் மண்ணும் வைத்துப் படிப்படியாகக் கட்டி, பூசி, வண்ணம் தீட்டுகிறார்கள். மேலே கூரை, கூரைக்குக் கீழே விதானம், நான்கு பக்கமும் வாயில், வாயிலுக்குத் தோரணம், தரையெங்கும் மாக்கோலம். வடிவக் கணக்குத் தெரிந்தவர், மண் பூசத் தெரிந்தவர், கூரை கட்டத் தெரிந்தவர், கோலமிடத் தெரிந்த பெண்கள் எல்லாரும் அங்கே வேண்டும். கலசநீர் விமானத்துக்குப் போய்விட்டால் அந்தக் கட்டடத்தின் வேலை முடிந்தது. அதைப் பிரித்துவிடுகிறோம். அடுத்தது 12 ஆண்டு கழித்துத்தான்.

அதே திருப்பணியின் தொடக்கத்தில் பாலாலயம் என்று ஒன்று செய்கிறோம். மூலவரின் உருவத்தை அத்திப் பலகையில் ஓவியமாக எழுதி, ஒரு சிறிய கொட்டகையில் வைத்து, திருப்பணி முடியும்வரை வழிபாட்டை அங்கே நடத்துகிறோம். ஓவியமும் தற்காலிகக் கட்டடமும் சேர்ந்து ஒரு கோயிலாக நிற்கின்றன. கருங்கல் கோயிலுக்குக் கொடுக்கும் அதே பக்தியை அந்தக் கொட்டகைக்கும் நாம் கொடுக்கிறோம். தற்காலிகக் கட்டடத்தை இதைவிடப் பெரிய இடத்தில் வைத்த ஒரு மரபை நான் அறியேன்.

தேரையும் சொல்ல வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி என்று எல்லாரும் சொல்கிறோம். அதில் மரத்தேர், அதாவது சிற்பங்கள் செதுக்கிய அடிப்பகுதி, ஏறக்குறைய 30 அடிதான். மிச்சம் முழுவதும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதிதாகக் கட்டுவது. மூங்கிலை வளைத்துக் கட்டி அடுக்கடுக்காக விமானம் எழுப்பி, அதன்மேல் தேர்ச்சீலை போர்த்தி, சுற்றிலும் தொம்பைகளைத் தொங்கவிடுகிறார்கள். தொம்பையைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அதன் வேலை தெரியும். சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணிகளைப் பூவாகவும் யாளியாகவும் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து, உருளையாகச் சுருட்டி மாட்டுவார்கள். தேர் அசையும்போது அத்தனை தொம்பைகளும் சேர்ந்து அசையும். அந்த அசைவைத் தாங்க வேண்டும், காற்றைத் தாங்க வேண்டும், ஒரு பக்கம் சாயவும் கூடாது. கீழே முட்டுக்கட்டை போடுபவர் தேரைத் திருப்புவதற்கு ஏற்றபடி மேலே மூங்கில் கட்டு நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். இது பொறியியல். செதுக்கியவர், மூங்கில் கட்டியவர், சீலை தைத்தவர் மூவரும் வேறு வேறு குடும்பத்தார். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தின் நீரழுத்தத் தடையும் இரும்பு அச்சும் அந்தத் தேரில் சேர்ந்தன. பழைய வேலையும் புதிய வேலையும் ஒன்றோடொன்று பொருந்திப் போயின.

நம் காலத்தில் தமிழ்நாட்டில் இந்தத் திறன் பெருமளவில் குடிபுகுந்த இடம் திரைப்பட அரங்க அமைப்பு. கலை இயக்குநர் தோட்டா தரணி அடிப்படையில் ஓவியர். 1987இல் வந்த ‘நாயகன்’ படத்துக்காகப் பம்பாயின் தாராவியைச் சென்னையில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் எழுப்பிக் காட்டினார். அவரே 2010இல் நிஜமான ஒரு கட்டடத்தின் மேல் கை வைத்தார். சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகத்தை ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் வடிவமைத்திருந்தது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைக்க வேண்டும். உச்சியில் வர வேண்டிய பெரிய கும்மட்டம் முடியவில்லை. தரணியும் அவருடைய ஆட்களும் அந்த இடத்தில் ஒரு தற்காலிகக் கும்மட்டத்தை எழுப்பிக் கொடுத்தார்கள். அதைப் பற்றி அரசியல் வாதங்கள் நிறைய நடந்தன. நான் அதற்குள் போகவில்லை. அந்தக் கட்டடம் பின்னர் 2014இல் உயர் சிறப்பு மருத்துவமனையாக மாறியது. என் கவனம் ஒன்றில்தான்: நிஜக் கட்டடத்தின் உயரத்தில், திறந்த வெளியில், திரைப்படத் தச்சரும் வண்ணம் பூசுபவரும் ஒரு கும்மட்டத்தை நிறுத்தினார்கள். அந்த ஆற்றல் நம்மவர் கையில் இருக்கிறது. ஆனால் அவர்களைக் கட்டடக் கலைஞரோடு முதல் நாளில் உட்கார வைக்காமல், நேரம் போனபின் கடைசி நேரத்தில் கூப்பிடுகிறோம்.

கொல்கத்தா இதை வேறு விதமாகச் செய்தது. அங்கே துர்கா பூசைக்குப் பேட்டைக்குப் பேட்டை பந்தல் உண்டு. மூங்கில் கட்டுபவர்கள் ஊரிலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்கிக் கட்டுவார்கள். கலைக்கல்லூரியில் படித்த பவதோஷ் சுதார், சனாதன் திண்டா போன்றோர் அந்தப் பந்தல்களுக்குள் வந்தார்கள். ஒரு கருத்தை எடுத்து, பந்தல், சிலை, விளக்கு மூன்றையும் ஒரே படைப்பாகச் செய்தார்கள். பேட்டைக் குழு பணம் திரட்டுகிறது, கலைஞர் வரைகிறார், மூங்கில்காரர் கட்டுகிறார். ஐந்து நாளில் பிரித்துவிடுகிறார்கள். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ அந்தத் திருவிழாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொச்சியில் 2012இல் தொடங்கிய முசிரிஸ் ஈராண்டுக் கலைக் கண்காட்சியிலும் கட்டடக் கலைஞர்கள் கூட்டங்களுக்கென்று தற்காலிக மண்டபங்களை அமைத்தார்கள். மெல்பர்ன் நகரில் 2016இல் மும்பைக் கட்டடக் கலைஞர் பிஜோய் ஜெயின் எழுப்பிய மண்டபத்தில் 7 கிலோமீட்டர் மூங்கில், 26 கிலோமீட்டர் கயிறு, 5,000 மர ஆணி. வாசலில் ஒரு கோபுரம். முகரம் ஊர்வலத்தில் எடுத்துச் செல்லும் தாஸியாவைப் பார்த்துச் செய்தது. நாகூர்ச் சந்தனக்கூட்டை அறிந்த நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு அந்தக் கோபுரம் புதிதாக இருந்திருக்காது.

மலாக்காவுக்கு வருகிறேன்.

2008இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ உலக மரபிடங்கள் ஆயின. அதற்குப் பின் இங்கே எல்லாரும் பேசுவது சுவர்களைப் பற்றி. டச்சுக்காரர் கட்டிய சிவப்புச் சுவர், போர்த்துகீசியர் விட்டுச்சென்ற கோட்டை வாயில், 1781இல் தைவநாயகம் செட்டி எழுப்பிய பொய்யாத விநாயகமூர்த்தி கோயில். அவற்றைக் காக்க வேண்டும், மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த ஊரின் கட்டடத் திறனில் பாதி சுவரில் இல்லை. அது கட்டிப் பிரித்த பொருள்களில் இருந்தது. மலாக்கா நீரிணையில் நம் மலாய் மீனவர்கள் நட்ட கேலோங்கைப் பாருங்கள். நீபோங் பனையின் தண்டுகளைக் கடலடிச் சேற்றில் நட்டு, பிரம்பால் கட்டி, மீன் போகும் வழியில் வேலி வைத்து, மேலே ஆள் தங்க ஒரு குடிசை. ஆணி இல்லாத வேலை. அலையோடு கொஞ்சம் ஆடும், அதனால்தான் முறியாது. சில ஆண்டில் தண்டு உளுத்துவிடும், மாற்றுவார்கள். நீரோட்டத்தைப் படிக்கத் தெரியாதவர் ஒரு கேலோங் நட முடியாது. சீனச் சகோதரர்கள் வாங்காங் விழாவுக்கு மரத்திலும் தாளிலும் ஒரு முழுக் கப்பலையே செய்து, தெருத்தெருவாக இழுத்துப் போய், கடைசியில் எரித்துவிடுகிறார்கள். 2020இல் சீனாவும் மலேசியாவும் சேர்ந்து அந்தச் சடங்கை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. எரிந்து போவதற்காகச் செய்யும் கப்பலை மரபு என்று உலகம் ஏற்றுக்கொண்டது. நம் பந்தலுக்காக நாம் ஒரு தாளும் நிரப்பியதில்லை.

இங்கே நம் பந்தல் தோட்டத்துப் பந்தல். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்டார். பின்பு ஆசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். அந்த மரங்களில் பால் வெட்ட வந்த நம் முன்னோர் லயம் என்ற வரிசை வீடுகளில்தான் இருந்தார்கள். வீடு தோட்டத்துக்குச் சொந்தம், நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். அவர்கள் தாங்களே வடிவமைத்து, தாங்களே கட்டிய பெரிய கட்டடம் என்று ஒன்று இருந்தால் அது மாரியம்மன் திருவிழாப் பந்தல்தான். விடியுமுன் பால் வெட்டப் போய், மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அதன் பிறகு மூங்கில் சுமப்பார்கள். நான் வளர்ந்த தோட்டத்தில் பந்தல் பொறுப்பை ஒரு பெரியவர் பார்த்தார். எல்லாருக்கும் அவர் மாமாதான். தேய்பிறையில் வெட்டிய மூங்கிலைத்தான் தொடுவார், மற்றதில் உளு விழும் என்பார். கையில் அளவுகோல் கிடையாது. ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். முதல் கால் நட்டதும் அந்தக் கயிற்றை நீட்டி, மூலைக்கு மூலை குறுக்கே பிடித்து, இரண்டு குறுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பார். ஒத்துவராவிட்டால் நட்ட காலைப் பிடுங்கச் சொல்வார். பெண்கள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து குருத்தோலையைக் கிளியாகவும் மயிலாகவும் மடிப்பார்கள். வாசலுக்கு எத்தனை கிளி, தூணுக்கு எத்தனை என்று அவர்களே முடிவு செய்வார்கள். மாமா அதில் தலையிட மாட்டார். அவர்கள் கேட்டால் வாசலை ஒரு முழம் உயர்த்திக் கொடுப்பார். கலைஞரும் கட்டடக் கலைஞரும் கூடிச் செய்வது என்று இன்று சொல்கிறார்களே, அதை நான் முதன்முதலில் பார்த்தது அந்தத் திண்ணையில்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் போயின. மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் பட்டணத்துக்கும் பெயர்ந்தார்கள். மூங்கில் வெட்ட இடமில்லை, குருத்தோலை எடுக்க மரமில்லை, பந்தல் நிறுத்தத் திடலில்லை. இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் கூரையும் லோரியில் வந்து இறங்கின. வசதிதான், மழைக்கு ஒழுகாது, அரை நாளில் நிறுத்திவிடலாம். அந்த வசதியைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. கலியாண வீட்டாரின் அலைச்சல் எனக்கும் தெரியும். ஆனால் கூடாரத்தோடு வடிவமும் வாடகைக்கு வந்துவிட்டது. மலாக்காவிலும் மூவாரிலும் சிரம்பானிலும் ஒரே கூடாரம், ஒரே நெகிழிப் பூ, வெள்ளை நுரைப்பலகையில் அச்சடித்த அதே தூண். மறுநாள் அந்த நுரைப்பலகை குப்பைக்குப் போகிறது, மண்ணில் மக்குவதுமில்லை. குருத்தோலைக் கிளி மூன்று நாளில் வாடி, மாட்டுக்குப் போகும். எது மலிவு என்று கணக்குப் போடும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய பந்தலில் ஆபத்து இருந்தது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2004 சனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டிலும் கூரை சட்டென்று பற்றியது. கூட்டம் வெளியேற வழி போதவில்லை. அந்தக் குடும்பங்களை நினைத்தால் பழைய முறை அப்படியே திரும்ப வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. கட்டடக் கலைஞர் பந்தலுக்குள் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எத்தனை வாயில், எவ்வளவு அகலம், மின்கம்பி எந்த வழி, அடுப்பு எவ்வளவு தூரம், ஓலைக்குத் தீத்தடுப்புக் கரைசல் பூசுவதா, யாகசாலைக்கு மட்டும் தகரக் கூரையா என்று கணக்குப் போடப் படித்தவர்கள் அவர்கள். மாமாவின் கயிறு மூலைமட்டத்தைச் சொல்லும். ஆயிரம் பேர் ஓடி வெளியேற எத்தனை நொடி ஆகும் என்பதை அது சொல்லாது.

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையெங்கும் பிரம்மாண்டமான தண்ணீர்ப் பந்தல்கள் எழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போட்டி போட்டுக்கொண்டு செய்கிறார்கள். அந்த இளைஞர்களின் உழைப்பைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். அவர்களுக்கு ஓர் ஓவியரும் ஒரு கட்டடக் கலைஞரும் துணை நின்றால், அந்தப் பணமும் உழைப்பும் நுரைப்பலகையில் தீராமல் வேறு உயரத்துக்குப் போகும். நமக்கு மாசி மகம் இருக்கிறது. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு மக்கள் திரளும் நாள். அந்த வழியில் இடப்படும் பந்தல்களில் ஒன்றையாவது, ஒன்றே ஒன்றையாவது, இந்த அவைக்கு வந்திருக்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் முன்னின்று வேறு விதமாகச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். பந்தல் கட்டத் தெரிந்த ஒரு பெரியவர், ஓர் ஓவியர், ஒரு கட்டடக் கலைஞர் மூவரும் ஆறு மாதத்துக்கு முன்பே உட்கார வேண்டும். நகராண்மைக் கழக அனுமதியும் தீயணைப்பு மீட்புத் துறையின் ஒப்புதலும் முதலிலேயே வாங்க வேண்டும். ஜொகூரில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கும் நம் பிள்ளைகளை அழைக்க வேண்டும். பந்தலின் முகப்பில் அன்பளிப்புத் தந்தவர் பெயர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கட்டியவர்கள் பெயரும் ஓலை மடித்த பெண்கள் பெயரும் வர வேண்டும்.

லண்டன் மண்டபங்கள் கோடை முடிந்ததும் விற்பனைக்குப் போகின்றன. 2012 மண்டபத்தை மித்தல் குடும்பத்தார் வாங்கினார்கள். நம் பந்தலை அப்படி யாரும் வாங்க வேண்டியதில்லை. மூங்கில் அடுத்த வேலைக்குப் போகட்டும். ஆனால் அளவெடுத்த வரைபடமும் படங்களும் ஒரு பெட்டியில் மிஞ்ச வேண்டும். ஐ வெய்வெய்யும் அவர் நண்பர்களும் பழைய மண்டபங்களின் தடத்தைத் தேட முடிந்தது, அவற்றின் வரைபடங்கள் இருந்ததால். நம் தோட்டத்துப் பந்தல்களின் தடத்தை யாராவது தேட நினைத்தால் இன்று ஒரு கோடும் கிடைக்காது.

மலாக்காவில் உள்ள உம்பாய்க்கென்று ஒரு வேண்டுகோளும் உண்டு. புலாவ் பெசார் போகிறவர்கள் படகுக்காக அஞ்சோங் பத்து துறையில் காத்திருக்கிறார்கள். அந்தத் தீவின் அடக்கத்தலங்களுக்கு முஸ்லிம்களும் போகிறார்கள், நம்மவரும் போகிறார்கள். வெயிலில் வயதானவர்கள் நிற்கிறார்கள். அங்கே ஒரு பருவத்துக்கு மட்டும் நிற்கும் நிழல் மண்டபம் ஒன்றை, கேலோங் நடத் தெரிந்த மலாய் மீனவரும் மூங்கில் கட்டத் தெரிந்த நம்மவரும் சேர்ந்து செய்ய முடியும். கீழே நீபோங் தண்டும் பிரம்புக் கட்டும், மேலே மூங்கிலும் கீற்றும். நீரோட்டம் அவர்களுக்குத் தெரியும், விதானம் நமக்குத் தெரியும். சனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. அப்போது தொடங்கினால் மாசி மகத்துக்கு முன் முடிந்துவிடும்.

இந்த அவையில் தோட்டத்துப் பந்தல் கட்டிய கைகள் சில இருக்கின்றன, எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் தோட்டத்துப் பந்தலுக்கு எத்தனை கால், கால் எவ்வளவு உயரம், வாசல் எந்தப் பக்கம், முடிச்சு எப்படி என்று நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள். தாளும் பென்சிலும் கொஞ்சம் கயிறும் அவர்களிடம் வைத்திருக்கிறோம். நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் வரைந்துகொள்வார்கள்.